வரைபடம் திரையில் வரவில்லை என்பதற்காகப் படிப்பை மாற்ற வேண்டுமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல் கணினி முன்னாலேயே இருக்கிறான். பைத்தான் நிரல்மொழியில் போட்ட வரைபடம் ஒரு நேரம் திரையில் வருகிறது, ஒரு நேரம் வருவதில்லை. அச்செடுத்தால் வெள்ளைத் தாள்தான் வருகிறது. "எனக்கு இது ஒத்துவராது, வேறு துறைக்கு மாறிக்கொள்கிறேன்" என்கிறான். மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதை வைத்து மாற்றாதீர்கள். உங்களைத் தேற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. அவன் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அவன் பயன்படுத்துவது மேட்பிளாட்லிப், பைத்தானில் வரைபடம் போட உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு. இப்படிப்பட்ட தொகுப்பை நூலகம் என்பார்கள். அதை முதலில் எழுதிய ஜான் ஹண்டர் ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவான மின் சைகைகளைப் படமாகப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது, அதற்காகத் தானே எழுத ஆரம்பித்தார், 2003-இல் வெளியிட்டார். இந்த நூலகத்தில் படத்தை உருவாக்குவது ஒரு வேலை, அதைத் திரையிலோ கோப்பிலோ கொண்டுவந்து சேர்ப்பது வேறு வேலை. இரண்டாவதைச் செய்யும் பகுதிக்குப் பேக்எண்ட் என்று பெயர். உங்கள் மகன் தரவைத் திரட்டி, சுத்தம் செய்து, கணக்கிட்டு முடித்துவிட்டான். அவன் தடுக்கி விழுந்தது அந்த இரண்டாவது வேலையில். அனுபவம் உள்ளவர்களும் அங்கே தடுக்கி விழுவார்கள். அதனால் அவன் படித்தது ஏறவில்லை என்று ஆகாது.

இனி இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பி, முதலில் அந்த வெள்ளைத் தாளைப் பார்ப்போம். உன் நிரலில் படத்தைத் திரையில் காட்டும் ஷோ கட்டளை முதலிலும் கோப்பாகச் சேமிக்கும் சேவ்ஃபிக் கட்டளை அதற்குக் கீழேயும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஷோ ஒரு விண்டோவைத் திறக்கிறது. நீ பார்த்துவிட்டு மூடுகிறாய். மூடியதும் அந்தப் படம், மேட்பிளாட்லிப்பில் இந்தக் கட்டளைகளைக் கவனிக்கும் பகுதியான பைபிளாட்டின் கையை விட்டுப் போய்விடுகிறது. அடுத்த வரியில் சேமி என்று சொன்னால், கையில் படம் இல்லாததால் புதிதாக ஒரு காலிப் படத்தை உருவாக்கி அதைச் சேமித்துத் தருகிறது. பிழை என்று எந்தச் செய்தியும் வராது, அதனால்தான் மூன்று நாள் போயிற்று. சேவ்ஃபிக் வரியை ஷோவுக்கு மேலே தூக்கி வை. அல்லது படத்தை ஃபிக் என்று ஒரு மாறியில் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே சேமி.

திரையில் வராததற்குக் காரணம் வேறு. ஸ்கிரிப்டாக ஓட்டும்போது கடைசியில் ஷோ எழுத மறந்தாலும் வராது. நிரலும் படமும் ஒரே பக்கத்தில் வரும் ஜுப்பிட்டர் நோட்புக்கில் அது இல்லாமலே படம் வந்துவிடுவதால் இந்த மறதி சகஜம். எழுதியும் வரவில்லை என்றால், எந்தப் பேக்எண்ட் ஓடுகிறது என்று காட்டும் கெட் பேக்எண்ட் கட்டளையை ஒரு வரி போட்டுப் பார். ஆக் (Agg) என்ற பேக்எண்டின் பெயர் பதிலாக வந்தால் விஷயம் புரிந்துவிடும்: அதற்குக் கோப்பாக எழுதத்தான் தெரியும், விண்டோ திறக்கத் தெரியாது. திரை இல்லாத சர்வரில் ஓட்டினாலும் இதே கதைதான். அங்கே விண்டோவுக்காக மல்லுக்கட்டாதே, கோப்பாகச் சேமித்து இறக்கிப் பார். சொந்தக் கணினி என்றால் விண்டோ திறக்க உதவும் டிகே (Tk) அல்லது க்யூட்டி (Qt) நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள். அப்புறம், உன் கோப்புக்கே மேட்பிளாட்லிப் என்று பெயர் வைத்திருக்கிறாயா? அப்படியென்றால் பைத்தான் நூலகத்தை விட்டுவிட்டு உன் கோப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

அச்சுத் தரம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேலையில் இதுதான் அதிகம் கேட்கப்படும். நீ எதுவும் மாற்றாவிட்டால் படத்தின் அளவு 6.4 க்கு 4.8 அங்குலம், அங்குலத்துக்கு 100 புள்ளிகள். அதாவது 640 க்கு 480 பிக்சல். திரைக்கு அது போதும், தாளில் மங்கலாகத் தெரியும். சேமிக்கும்போது டிபிஐ, அதாவது அங்குலத்துக்கான புள்ளிகள், 300 என்று கொடுத்தால் 1920 க்கு 1440 ஆகிவிடும். இதற்குப் பதில் படத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கி, அறிக்கையில் ஒட்டும்போது பாதியாகச் சுருக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 10 பாயின்ட் அளவு எழுத்து தாளில் 5 பாயின்டாகிவிடும். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. தாளில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவிலேயே படத்தைப் போடு. பிடிஎஃப் ஆகச் சேமித்தால் கோடுகள் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையாக இருக்கும். லட்சக்கணக்கில் தரவுப் புள்ளிகள் இருந்தால் மட்டும் கோப்பு கனத்துவிடும், அப்போது அந்தப் புள்ளிகளை மட்டும் ராஸ்டராக, அதாவது பிக்சல் படமாக, மாற்றிக்கொள். எக்ஸ், ஒய் அச்சுகளின் பெயர் ஓரத்தில் வெட்டுப்பட்டால் சேவ்ஃபிக்கில் டைட் என்ற தேர்வைக் கொடு.

கறுப்பு வெள்ளைப் பிரிண்டரில் எடுக்கப்போகிறாய் என்றால் நிறத்தை மட்டும் நம்பாதே. ஜெட் என்ற பழைய வண்ணத்தொகுப்பில் அடர் நீலமும் அடர் சிவப்பும் சாம்பலில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். பெரிய எண் எது, சின்ன எண் எது என்றே தெரியாது. 2017-இல் வந்த மேட்பிளாட்லிப் 2.0 பதிப்பிலிருந்து விரிடிஸ் என்ற வண்ணத்தொகுப்பு இயல்பாக வருகிறது. அது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராகப் போவதால் சாம்பலிலும் ஏமாற்றாது. கோடுகளுக்குப் புள்ளிக்கோடு, இடைவிட்ட கோடு என்று வேறுபாடு காட்டு. தமிழில் தலைப்பு கொடுத்துக் கட்டம் கட்டமாக வந்தால் பதறாதே, இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை மாற்றியும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், தலைப்பை அறிக்கையிலேயே தட்டச்சு செய்துவிடு.

இவ்வளவையும் சரிசெய்துவிட்டு ஒரு காரியம் செய். எந்தப் பிழை வந்தது, எதைச் சந்தேகித்தாய், எதை மாற்றியதும் சரியானது என்று அரைப் பக்கம் எழுதி, ஐந்து வரி மாதிரி நிரலோடு உன் திட்டப்பணிக் கோப்பில் வை. நேர்காணலில் "நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்" என்பது வழக்கமான கேள்வி. மனப்பாடம் செய்த பதிலைக் கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உன்னிடம் மூன்று நாள் மல்லுக்கட்டிய நிஜக் கதை இருக்கிறது.

அம்மா, கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. படம் ஒழுங்காக அச்சாகி வந்ததும் தாளைக் கையில் வாங்கி, "இது என்னடா சொல்லுது?" என்று கேளுங்கள். எந்தக் கோடு ஏன் ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று விரல் வைத்துக் காட்டி விளக்குகிறானா, இல்லை "ஏதோ வந்துடுச்சும்மா" என்று நகர்ந்துவிடுகிறானா என்று கவனியுங்கள். இரண்டாவதுதான் என்றால் மூவரும் உட்கார்ந்து துறை மாற்றத்தைப் பற்றிப் பேசலாம், நான் நேரம் ஒதுக்குகிறேன். முதலாவது என்றால் அடுத்த பருவத்துக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்று பேசுவோம். எதுவானாலும் வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.