ஸ்டார் ட்ரெக், மூன்றாவது சீசன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விண்கப்பல் ஒன்றின் பயணங்களைச் சொல்லும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கை மகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்து வருகிறேன். இரண்டு சீசன்கள் வரை அவளும் ரசித்தாள். மூன்றாவது சீசனின் முதல் எபிசோடான ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். மூளை எடுக்கப்பட்ட கப்பல் அதிகாரி ஸ்பாக்கின் உடம்பை ரிமோட்டை வைத்து நடக்கவைத்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. மீதியை விட்டுவிடலாமா? ஒவ்வொரு எபிசோடுக்கும் நோட்டில் ஒரு பக்கம் எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்து நேசித்த ஒன்றை ‘மோசம்’ என்று எழுதக் கை வரவில்லை.

க.

அன்புள்ள க.,

விட்டுவிடாதீர்கள். மோசம் என்றால் மோசம் என்றே எழுதுங்கள். எதனால் மோசம் என்பதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவது சீசன் என்றாலே காசில்லாமல் போனதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். 1968இல் என்பிசி தொலைக்காட்சி தொடரை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது. அது இளவட்டங்கள் வீட்டில் இருக்காத நேரம். தொடரை உருவாக்கிய ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் தயாரிப்பாளராக வந்தார், பட்ஜெட்டும் குறைந்தது. ஆனால் அதே 1968இல், அதே கையிருப்பில் எடுத்த ‘ஸ்பெக்டர் ஆஃப் தி கன்’ எப்படி இருக்கிறது? முழு ஊரைக் கட்ட வழியில்லாமல் வீட்டு முகப்புகளை மட்டும் நிறுத்திவைத்தார்கள். பின்னால் சிவப்பு வானம், வேறொன்றும் இல்லை. கப்பல் தலைவன் கிர்க்கின் நினைவிலிருந்து உருவிய ஊர் அது. நினைவு அப்படித்தானே துண்டு துண்டாக இருக்கும்? அந்த அரைகுறைதான் இன்றைக்கும் பயமுறுத்துகிறது.

இதையும் ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ கதையையும் எழுதியவர் ஒருவரே, ஜீன் எல். கூன். அப்போது வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டிருந்ததால் லீ குரோனின் என்ற புனைபெயரில் எழுதினார். ஆக, பணமும் பேனாவும் ஒன்றாக இருக்க, ஒன்று நிற்கிறது, மற்றொன்று விழுகிறது.

சென்ற ஆண்டு அந்த 24 எபிசோடுகளையும் வரிசையாகப் பார்த்தேன். ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ எபிசோடில் ஓர் இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்ப ஓட்டினேன். கம்யூனிகேட்டரில் ஸ்பாக்கின் குரல் மட்டும் வருகிறது. தன் உடம்பு முடிவில்லாமல் நீண்டு கிடப்பதுபோல் இருக்கிறது என்கிறான். உனக்கு உடம்பே இல்லையே என்கிறார்கள். அப்படியானால் நான் யார் என்று நிதானமாகக் கேட்கிறான். அவன் மூச்சு விடுவதாக நினைத்துக்கொண்டிருப்பது, ஒரு பாதாள நகரத்துக்குக் காற்றும் வெப்பமும் தண்ணீரும் அனுப்பும் வேலை. எப்பேர்ப்பட்ட கற்பனை! அந்த நகரம் முழுக்க, திருடிக் கொண்டுவந்த அவன் மூளையால் பிழைக்கிறது. அவனை மீட்டால் அங்குள்ள பெண்கள் மேலே பனிக்குள் போக வேண்டும். நண்பனா, அந்த ஊரா? இந்தக் கேள்வியோடு அரை மணி நேரம் போராடியிருக்கலாம். கிர்க் இரண்டு மூன்று வசனத்தில் தீர்த்துவிட்டுக் கப்பலேறிவிடுகிறான். எனக்கு ரிமோட் பெரிதாகத் தெரியவில்லை. இதுதான் தாங்கவில்லை.

ஏனென்றால், இதே கூன் 1967இல் ‘தி டெவில் இன் தி டார்க்’ எழுதியவர். கனத்த போர்வை போன்ற உடைக்குள் ஒருவர் தவழ்ந்து நடித்த அந்தச் சுரங்கப் பிராணியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஏன் கொல்கிறது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே போகிறார்கள். உருண்டைக் கற்கள் என்று சுரங்கக்காரர்கள் உடைத்துப் போட்டதெல்லாம் அதன் முட்டைகள் என்று தெரியும்போது நமக்கே நெஞ்சு கனத்துவிடுகிறது.

அப்புறம், ‘அண்ட் தி சில்ட்ரன் ஷல் லீட்’டுக்கு அரைப் பக்கம் போதும். பெற்றோரை இழந்த குழந்தைகளின் அழுகையைக் கடைசி நிமிடங்களுக்கு ஒத்திவைத்த கதை அது. ‘தி வே டு ஈடன்’ கதையிலிருந்து அதை எழுதிய டி.சி. ஃபோன்டானாவே தன் பெயரை எடுத்துவிட்டார்.

1969 ஜூன் 3 அன்று வந்த கடைசி எபிசோட் ‘டர்னபவுட் இன்ட்ரூடர்’ வேறு விஷயம். கப்பல் தலைவர்களின் உலகில் பெண்ணுக்கு இடமில்லை என்கிறாள் ஒருத்தி. கதை அவளைப் பைத்தியமாக்கி அனுப்பிவிடுகிறது. இதே தொடரின் முதல் பைலட்டில், அதாவது முன்னோட்டமாக எடுத்த எபிசோடில், கப்பல் தலைவருக்கு அடுத்த அதிகாரி ஒரு பெண். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தயங்காமல் மோசம் என்று எழுதுங்கள். மகளோடு சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் அன்று சீக்கிரமே ஆரம்பியுங்கள், முடிந்தபிறகு அவள் பேசுவதற்கு நேரம் வேண்டும்.

இந்த வாரம் அவளுக்கு ‘தி எம்பத்’ போட்டுக் காட்டுங்கள். இருட்டு மேடை, நாலைந்து பொருட்கள், பேச்சே வராத ஒரு பெண். அதுவும் மூன்றாவது சீசன்தான்.