நூறாண்டு கடந்த கோவில் சுவரில் சிமெண்ட் பூசலாமா?

உங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் சுவரின் சுண்ணாம்புக் காரை உதிர்கிறது, பிரதிஷ்டைப் பண்டிகைக்குள், அதாவது கோவில் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் ஆண்டு விழாவுக்குள், சிமெண்ட் பூசிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோவில் 1826-இல் பிரதிஷ்டையானது. கிளாரிந்தா கோவில் இன்னும் பழசு, 1785. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியே காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்பு பூத்துச் செங்கல்லே பொடியும். எங்கள் கோவிலில் அப்படிப் பூசிய இடத்தைத் தட்டினால் வெற்றுச் சத்தம். விரல் பட்டாலே செங்கல் மாவாகக் கொட்டுகிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

முதலில் கூரை ஒழுகலைப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்த வேப்பஞ்சருகை அள்ள வேண்டும். அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். அசனத்தன்று, அதாவது கோவில் பொது விருந்தன்று, அண்டா கழுவும் தண்ணீரையும் சுவரோரம் தேங்க விடாதீர்கள்.