பிட்ஸ்பர்க் பலகை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்த அப்பாவை பாயிண்ட் ஸ்டேட் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 1758இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஆங்கிலேய ஜெனரல் ஃபோர்ப்ஸ் பெற்ற வெற்றி 'அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆங்கிலோ-சாக்சன் மேலாதிக்கத்தை நிலைநாட்டியது' (ஆங்கிலேய வம்சத்து வெள்ளையர்களின் மேலாதிக்கம்) என்று அங்கே ஒரு பலகை இருந்ததாம். இப்போது எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் நினைத்தார்கள் என்று விட்டுவிடக் கூடாதா? இப்படி எடுத்துக்கொண்டே போனால் வரலாறு என்ன ஆகும்?

ம.

அன்புள்ள ம.,

வரலாற்றுக்கு ஒன்றும் ஆகாது. பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் சாலையோர வரலாற்றுப் பலகைகள் மட்டும் சுமார் 2,500 இருக்கின்றன. ஒன்றிரண்டு போனால் குடி முழுகிவிடாது. எந்தப் பலகையைக் கண்டாலும் நின்று வாசிக்கிற வியாதி எனக்கும் உண்டு. என் மனைவி காரை விட்டே இறங்க மாட்டாள். அப்பாவைக் கூட்டிப்போய் வரலாறு காட்டியிருக்கிறீர்கள், மனம் நிறைந்தது.

ஆனால் ஃபோர்ப்ஸ் வென்றார் என்பதை நீங்களும் அப்படியே எழுதிவிட்டீர்களே! 1758இல் ஐக்கிய நாடு என்றே ஒன்று கிடையாது, அதை விடுங்கள். எங்கே வென்றார்? செப்டம்பரில் அவர் அனுப்பிய மேஜர் கிராண்ட் அடிவாங்கிச் சிறைப்பட்டார். நோய் முற்றிய ஃபோர்ப்ஸை டோலியில் வைத்துக்கொண்டு நவம்பர் 25 அன்று படை வந்து சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் முந்தைய நாளே அங்கிருந்த தங்கள் டியூகேன் கோட்டையைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவர் பிடித்தது சாம்பலை.

ஏன் போனார்கள்? அவர்களுக்குச் சாமான் வந்த வழியிலிருந்த ஃப்ரான்டெனாக் கோட்டை ஆகஸ்டில் ஆங்கிலேயரிடம் விழுந்ததால் வரத்து நின்றது ஒரு காரணம். பெரிய காரணம் அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் நடந்த பேச்சு. அலெகேனி மலைக்கு மேற்கே குடியேற மாட்டோம் என்று பழங்குடிகளுக்கு ஆங்கிலேயர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அதை நம்பித்தான் டெலவேர் என்ற பழங்குடி மக்கள் பிரெஞ்சுக்காரர்களைக் கைவிட்டார்கள்.

அதற்கு முன்பு, அந்தக் கோடையில், போஸ்ட் என்ற மொரேவியன் கிறிஸ்தவ சபை மிஷனரி ஆங்கிலேயர் தரப்பில் டெலவேர்களிடம் தூது போனார். அவரிடம் அவர்கள் கேட்டார்கள்: உங்கள் சண்டையை உங்கள் நாட்டிலோ கடலிலோ போடக் கூடாதா, எங்கள் மண்ணில் வந்து ஏன் போடுகிறீர்கள்? எங்கள் நிலத்தைப் பறிக்கத்தான் வருகிறீர்கள் என்றுதானே எல்லாரும் நினைப்பார்கள்? போஸ்ட் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இவர்களும் 'அந்தக் காலத்து ஆட்கள்'தான், தம்பி. உங்கள் கணக்கில் ஏன் வரவில்லை?

அடுத்த வருடமே அதே இடத்தில், பிரெஞ்சுக் கோட்டையைவிடப் பல மடங்கு பெரிதாக, பிட் கோட்டையை ஆங்கிலேயர்கள் கட்டத் தொடங்கினார்கள். மலைக்குக் கிழக்கே திரும்பிப் போவதாகச் சொன்னவர்கள் போகவில்லை. 1763இல் பழங்குடிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். ஜூன் 24 அன்று பேச வந்த இரண்டு டெலவேர் தூதர்களுக்கு பெரியம்மை மருத்துவமனையிலிருந்து இரண்டு போர்வையும் ஒரு கைக்குட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். கோட்டையிலிருந்த வியாபாரி வில்லியம் ட்ரென்ட், நினைத்த பலன் கிடைக்கும் என்று நம்புவதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். எடுத்ததற்கு ஈடாகப் புதுப் போர்வை வாங்கிய கணக்கும் இருக்கிறது. கணக்கில் மட்டும் எவ்வளவு நாணயம் பாருங்கள்!

பலகை விஷயத்துக்கு வருகிறேன். அங்கே புதிதாக ஒன்று வைப்பார்கள் என்றால், நவம்பருக்கு முன்னால் அக்டோபரையும் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை எனக்குப் போட்டுப் பயனில்லை, மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்குப் போடுங்கள்.