குடிபோதைச் சாரதியால் உயிரிழப்பு: மேட் கனடாவிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

கேள்வி: ஐந்து வாரத்துக்கு முன் என் தங்கையின் கணவர் வேலை முடிந்து காரில் வரும்போது, குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதி இறந்துவிட்டார். ஓட்டியவர் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள், ஆனால் பிணையில் வெளியே இருக்கிறார். தங்கை யாரோடும் பேசுவதில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். "மேட் கனடாவுக்கு எடுத்துப் பேசுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் பணம் தருவார்களா? சட்டத்தரணி பிடித்துத் தருவார்களா? தங்கைக்கு ஆங்கிலமும் அவ்வளவு வராது. நான் எங்கிருந்து தொடங்குவது?
— ஒன்ராறியோவிலிருந்து ஒரு அண்ணன்

பதில்: மேட் கனடா நட்டஈடு தராது, உங்களுக்காக வழக்கும் பேசாது. அது குடிபோதையில் வாகனம் ஓட்டுவதை எதிர்க்கும், ஓக்வில் நகரில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனம். 1980ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், 13 வயது மகளைக் குடிபோதைச் சாரதி ஒருவனிடம் பறிகொடுத்த கேண்டஸ் லைட்னர் என்ற தாய் தொடங்கிய இயக்கத்தின் வழியில் வந்தது. அவர்கள் தருவது ஆட்களின் துணை. இதே இழப்பைச் சந்தித்தவர்களோடு பேச வைப்பார்கள். நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்று விளக்குவார்கள், ஆள் இருந்தால் கூடவே வந்தும் உட்காருவார்கள். இழப்பைத் தாங்குவது பற்றிய கையேடுகள் தருவார்கள். எல்லாம் இலவசம். பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போது ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: குடிபோதை விபத்தில் பெற்றோரை இழந்தவர்களுக்கென்று அவர்களிடம் ஒரு கல்வி உதவித்தொகை இருக்கிறது.

இது போதுமா என்றால், போதாது. ஆனால் வழக்கு முடியும்வரை உள்ள நீண்ட இடைவெளியில் உங்கள் தங்கைக்கு வேறு யாரும் தராத ஒன்று இது. அழைப்பதை நீங்களே செய்யுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் தொடர்பாளராக இருப்பது நல்லது. பொலிஸ், காப்புறுதி, நீதிமன்றம், தொண்டு நிறுவனம் என்று நாலு பக்கமும் தங்கையைத் தனித்தனியாக அழைத்து, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. அவர் பேச விரும்பும் நாளில் பேசட்டும். தமிழ் பேசும் தொண்டர் இருக்கிறாரா என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். ஆனால் பிள்ளைகளை அந்த வேலைக்குப் பிடிக்காதீர்கள்.

சரி, அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. காப்புறுதி.

குற்றவியல் வழக்கும் காப்புறுதியும் இரண்டு தனிப் பாதைகள். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் விபத்து யாருடைய பிழை என்றாலும், முதலில் போக வேண்டியது பெரும்பாலும் இறந்தவரின் சொந்த வாகனக் காப்புறுதி நிறுவனத்திடம். விபத்து நடந்து 7 நாட்களுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவங்கள் கைக்கு வந்தபின் 30 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்து வாரம் ஆகிவிட்டதே என்று பதறாதீர்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் சொன்னால் சட்டம் ஏற்கிறது, கணவனை இழந்த வீட்டுக்கு அது கட்டாயம் இருக்கும். ஆனால் இன்றே அழையுங்கள். இறப்புக் கொடுப்பனவு, இறுதிச்சடங்குச் செலவு, தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் உளவள ஆலோசனை என்று எது எது அவரது ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, குடித்துவிட்டு ஓட்டியவர் மீது நட்டஈட்டு வழக்கு. பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்குப் போடப் போகிறோம் என்ற எழுத்து அறிவித்தலை 120 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். மனைவி, பிள்ளைகள் மட்டுமல்ல, இறந்தவரின் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள்கூட அவரது துணையை இழந்ததற்காகக் கோரலாம். இதைப் பல தமிழ்க் குடும்பங்கள் அறிவதில்லை. எதிராளிக்குக் காப்புறுதியே இல்லை என்றாலும் வழி அடைபடாது. உங்கள் மைத்துனரின் ஒப்பந்தத்திலேயே காப்புறுதியற்ற வாகனங்களுக்கான பகுதி ஒன்று இருக்கும்.

மோதியவர் எங்கே குடித்தார் என்பதும் முக்கியம். மதுச்சாலையிலோ உணவகத்திலோ அளவுக்கு மீறி ஊற்றிக் கொடுத்திருந்தால் அந்த நிறுவனமும் பொறுப்பேற்க நேரிடும். அங்குள்ள கமராப் பதிவுகள் சில நாளிலோ வாரத்திலோ அழிந்துவிடும் என்பதால், அவற்றை வைத்திருக்கச் சொல்லும் கடிதத்தைச் சட்டத்தரணி உடனே அனுப்ப வேண்டும். வீட்டு விருந்தில் குடித்திருந்தால் கதை வேறு. விருந்தாளி குடித்துவிட்டுப் போய் மோதிய ஆளுக்கு விருந்து வைத்தவர் பொதுவாகப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

இதற்கெல்லாம் ஒரு தனிநபர் காய வழக்குச் சட்டத்தரணி வேண்டும். வென்றால்தான் கட்டணம் என்ற ஏற்பாட்டில் பலர் எடுப்பார்கள், முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். இரண்டு மூன்று பேரையாவது பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். சாவு வீட்டுக்கே தேடிவந்து கார்டு நீட்டுபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

இனிக் குற்றவியல் வழக்கு. கிரவுன் எனப்படும் அரச வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்ல. அவர் அரசுக்காக நிற்கிறார். இது முதலிலேயே விளங்கிவிட்டால் பிறகு வரும் பல ஏமாற்றங்கள் குறையும். பிணை கிடைத்ததை வழக்குத் தோற்றதன் அடையாளமாக எடுக்காதீர்கள். இப்படியான வழக்குகளில் அது வழமை. பிணை நிபந்தனைகளின் பிரதியை நீங்கள் கேட்டு வாங்கலாம். 2015இல் வந்த பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் தகவல் பெறும் உரிமையைத் தருகிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீதிமன்றத்திலேயே பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் உதவித் திட்டத்தின் அலுவலகம் இருக்கும், அதுவும் இலவசம். அங்கே பெயர் பதிந்தால் அடுத்த தவணை எப்போது என்பதைச் சொல்வார்கள். மேட் தொண்டரும் இந்த அலுவலகமும் சேர்ந்து வேலை செய்தால்தான் பலன், ஒன்றுக்கு மாற்று மற்றது இல்லை.

எவ்வளவு காலம் எடுக்கும்? மாகாண நீதிமன்றத்தில் 18 மாதம், மேல் நீதிமன்றத்தில் 30 மாதம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் வரம்பு வைத்தது. அதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிவதும் உண்டு. போதையில் ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கு உச்ச தண்டனை ஆயுள். கீழ்வரம்போ முதல் தடவைக்கு வெறும் 1,000 டொலர் தண்டம். நடைமுறையில் சிறைதான் கிடைக்கிறது, ஆனால் ஆயுள் என்ற எதிர்பார்ப்போடு தங்கையை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

உங்கள் குடும்பத்தின் குரல் நேரடியாக நீதிபதியின் காதில் விழும் ஒரே இடம் பாதிப்பு அறிக்கை. குற்றம் நிரூபணமானபின், தண்டனை சொல்வதற்கு முன் அது வாசிக்கப்படும். நீதிபதி அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். தங்கை, மாமனார் மாமியார், நீங்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதலாம். பிள்ளைகள் ஒரு படம் வரைந்து கொடுத்தாலும் போதும், படிவம் அதற்கு இடம் தருகிறது. எழுந்து வாசிக்க முடியாவிட்டால் வேறொருவர் வாசிக்கலாம், பக்கத்தில் துணைக்கு ஆள் நிற்கலாம், இறந்தவரின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது.

எதை எழுதக் கூடாது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓட்டியவரைத் திட்டுவது, நிரூபிக்காத குற்றச்சாட்டு, பொலிஸாரைப் பற்றிய முறைப்பாடு, இத்தனை ஆண்டு சிறை கொடுங்கள் என்ற கோரிக்கை எதுவும் இருக்கக் கூடாது. தண்டனை பற்றிய கருத்துக்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இப்படியானவை இருந்தால் அந்தப் பகுதிகளை வெட்டச் சொல்வார்கள். தங்கை நீதிமன்றத்தில் நிற்கும் நாளில் அது நடந்தால் தாங்கமாட்டார். எழுதியதன் பிரதி எதிர்த்தரப்புக்கும் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

கோபத்தைவிட விவரம்தான் அங்கே பேசும். யார் இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார், எந்தப் பில்லைக் கட்ட முடியவில்லை, தங்கை இரவில் எத்தனை மணிக்கு எழும்புகிறார், சின்னவள் எதைக் கேட்டு அடம்பிடிக்கிறாள் என்று எழுதுங்கள். இதை வழக்கு முடியும் நேரத்தில் உட்கார்ந்து எழுத முடியாது, பாதி மறந்திருக்கும். இப்போதிருந்தே தங்கை தமிழில் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யட்டும், அல்லது கொப்பியில் ஒரு வரி எழுதட்டும், தேதியோடு. பிறகு நல்ல மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்றலாம். மேட் தொண்டர்கள் இதைப் பல குடும்பங்களோடு இருந்து பார்த்தவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் உதவியே இதுதான் என்பேன்.

நவம்பர் தொடங்கிப் புத்தாண்டு வரை, குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்று சொல்லும் மேட் கனடாவின் சிவப்பு ரிப்பன் இயக்கம் நடக்கும். தங்கையை மேடையில் பேச யாராவது கேட்டால், மறுக்கும் உரிமை முழுக்க அவருடையது. முதல் ஆண்டில் வேண்டாம் என்பதே என் யோசனை. வழக்கு நடக்கும்போது வெளியே பேசியது எதிர்த்தரப்புக்கு உதவக்கூடும் என்பதால், கிரவுனிடம் கேட்காமல் எந்த நேர்காணலும் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று, இது கடைசியில் வருவதால் எல்லோரும் விட்டுவிடுவது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால் அது மத்திய அரசின் சிறை. அவர் எப்போது வெளியே வருகிறார், பரோல், அதாவது தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு விடுவிப்பது பற்றிய விசாரணை எப்போது என்ற தகவல் தானாக வீட்டுக்கு வராது. மத்திய சிறைகளை நடத்தும் கனடா சீர்திருத்தச் சேவையிடமோ பரோல் சபையிடமோ பாதிக்கப்பட்டவராகப் பதிவு செய்தால்தான் சொல்வார்கள். தண்டனை சொன்ன வாரத்திலேயே அந்தப் படிவத்தை நிரப்பிவிடுங்கள்.