காணியை எழுதிக் கொடுத்தால் தம்பியைக் கடைசிவரை பார்ப்பார்களா?

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு, வலிப்புக்குக் குளிசை போடுகிறான். கொக்குவிலில் அம்மாவோடு இருக்கிறான். அம்மாவுக்கு 74 வயது, அப்பா இல்லை. நான் கலியாணம் முடித்து வவுனியாவில், அண்ணா கனடாவில். வீட்டையும் வளவையும் ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் தம்பியை ஆயுள் முழுக்கப் பார்ப்பார்கள் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். அண்ணா தன் சார்பில் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் அனுப்பத் தயார். எழுதலாமா ஐயா?

பதில்: எழுத வேண்டாம்.

அந்தத் 'தெரிந்த ஒருவர்' யார் என்று முதலில் விசாரியுங்கள். இல்லத்தில் வேலை செய்பவரா, காணித் தரகரா? என்னிடம் வந்த இப்படியான குடும்பங்களில் பெரும்பாலும் நடுவில் ஒரு தரகர் இருந்திருக்கிறார். கொக்குவிலில் ஒரு பரப்பு என்ன விலை போகிறது என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். உங்கள் தம்பி எத்தனை மணிக்குக் குளிசை போடுகிறான் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது.

காணி நன்கொடையாகப் போன பிறகு உங்கள் கையில் என்ன இருக்கிறது? இல்லத்தின் நிர்வாகம் மாறலாம், காசு போதாமல் இல்லமே மூடலாம். ஒருநாள் தம்பி கோபத்தில் பக்கத்துக் கட்டில்காரரை அடித்துவிட்டால், 'வந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று தொலைபேசி வரும். கூட்டிக்கொண்டு எங்கே போவீர்கள்? வீடு அவர்களுடையது. நன்கொடை உறுதியை நினைத்தபோது இரத்துச் செய்ய முடியாது. பெற்றவர் மிக மோசமாக நன்றி மறந்து நடந்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், 2017 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, வைத்து எழுதலாமே என்பார்கள். அம்மாவின் பெயரில் வைக்கும் சீவிய உரித்து அம்மாவோடு முடிந்துவிடும். உங்கள் கவலையோ அம்மாவுக்குப் பிறகு என்ன என்பதுதான்.

இன்னொன்று, அது முழுக்க அம்மாவின் காணிதானா? அம்மாவின் சீதனம் என்றால் அம்மாவுடையது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துகிற குடும்பமாக இருந்து, அப்பா கலியாணத்துக்குப் பிறகு தேடி வாங்கி, மரணசாசனம் எழுதாமல் போயிருந்தால், அரைவாசி அம்மாவுக்கும் மற்ற அரைவாசி பிள்ளைகள் மூவருக்கும் வரும். அதாவது ஆறில் ஒரு பங்கு தம்பிக்கு. உறுதியை எடுத்துப் பாருங்கள். தம்பியின் பங்கை அம்மாவும் எழுத முடியாது, நீங்களும் எழுத முடியாது.

இங்கேதான் தரகரின் கெட்டித்தனம் வெளிவரும். 'தம்பி ஒரு கைநாட்டு வைத்தால் போதும், நொத்தாரிசு எனக்குத் தெரிந்தவர்' என்பார். எதற்கு வைக்கிறோம் என்று விளங்காதவரின் பெருவிரல் அடையாளம் சட்டப்படி செல்லாது. ஆனால் அதைச் செல்லாது என்று நிரூபிக்க வழக்குப் பேச வேண்டியவர்கள் நீங்கள். அண்ணாவின் அற்றோணித் தத்துவமும் அப்படித்தான். 'எல்லாம் செய்யலாம்' என்று பொதுவாக எழுதி அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் எழுத்தில் இரத்துச் செய்யட்டும்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலுவலகங்களிலேயே இதைக் குழப்புகிறார்கள். ஊனம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் கையெழுத்து வைக்க முடியாதவர் ஆகிவிடமாட்டார். 18 வயதுக்கு மேற்பட்டவர் தன் காணி எது, அதை யாருக்குக் கொடுக்கிறோம், கொடுத்தால் திரும்ப வராது என்பதை விளங்கிக்கொண்டால் அவருடைய கையெழுத்து முழுக் கையெழுத்துத்தான். நடக்க முடியாதவர், பேச முடியாதவர், பார்வையில்லாதவர் எல்லோரும் இதில் அடக்கம். மனநோய்க்குக் குளிசை எடுத்துத் தெளிவாக இருப்பவரும் அடக்கம். அவருக்கு வருத்தம் கூடியிருக்கிற நாளில் வைத்த கையெழுத்து வேறு, தெளிவாக இருக்கிற நாளில் வைத்தது வேறு. அப்படியானவரிடம் உறுதி முடிப்பதென்றால் அவரைப் பார்க்கிற மனநல வைத்தியரின் கடிதத்தை அதே நாள் திகதியில் எடுத்து உறுதியோடு வையுங்கள். உங்கள் தம்பியிடம் 'இந்த வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்தால் நீ எங்கே படுப்பாய்?' என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்கிற பதிலில் ஓரளவு தெரிந்துவிடும். விளங்காதவன் என்றால் அவன் பங்கைப் பொறுப்பாகப் பார்க்க ஒருவரை மாவட்ட நீதிமன்றம்தான் நியமிக்க வேண்டும். நேரமெடுக்கும், காசும் போகும், ஆனால் வழி அதுதான்.

சரி, தம்பி எங்கே இருப்பது? இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். 18 வயது வரைக்கும் சிறுவர் இல்லங்கள் உண்டு. 60 வயதுக்குப் பிறகு முதியோர் சட்டம் உண்டு, கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. நடுவில் இருக்கிற நாற்பது வருடத்துக்கு? 41 வயதுக்காரனை எந்தக் கோப்பில் போடுவது என்று தெரியாமல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். படிவம் முடிந்துவிட்டது, உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போய்விட்டார், அடுத்த கிழமை வாருங்கள். 74 வயதுப் பெண்ணை பஸ் ஏற்றி இறக்குவது இவர்களுக்கு ஒரு விடயமே இல்லை. ஆகவே சமயத் தொண்டு நிறுவனங்களும் தனியாரும் நடத்துகிற இல்லங்களைத்தான் பெரும்பாலும் தேட வேண்டிவரும்.

இல்லத்துக்குப் போனால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். ஐந்து முதியவர்களுக்கு மேல் தங்கவைத்துப் பராமரிக்கிற இடம் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும். ஆனால் முதியோருக்கென்று பதிந்த இடத்தில் உங்கள் தம்பியை ஏற்க அனுமதி இருக்கிறதா என்பதைப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் தனியாகக் கேளுங்கள். பிறகு சொல்லாமல் ஒருமுறை பின்னேரம் போய் நில்லுங்கள். அறைக் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் இரவில் பூட்டுகிறார்கள். மலசலகூடத்தைப் பாருங்கள். குளிசைகளை யார் கொடுக்கிறார்கள், பெயர் எழுதிய உறைகளில் இருக்கிறதா, இல்லை எல்லாம் ஒரே டப்பாவிலா? வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வரலாம். கிளினிக் கொப்பியை யார் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். 'அதெல்லாம் பார்ப்போம்' என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

காசு மாதாமாதம் வங்கி மூலம் மட்டும், பற்றுச்சீட்டோடு. முற்பணமாகப் பெருந்தொகை கேட்டால் அதுவும் காணி கேட்ட மாதிரித்தான். அண்ணா கனடாவிலிருந்து அனுப்பட்டும், நீங்கள் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது என்றால், வீட்டை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான சொந்தக்காரக் குடும்பம் ஒன்றைக் குடியிருத்தித் தம்பியை அங்கேயே வைத்திருப்பதுதான். அவனுக்குக் கிணற்றடியும் தெரியும், அயலும் தெரியும். ஆனால் வாய்ப்பேச்சில் குடியிருத்த வேண்டாம். பத்து வருடம் கேள்வியில்லாமல் இருந்தால், இருந்த காலத்தைக் காட்டிக் காணி தங்களுடையது என்று ஆட்சியுரிமை பேச வருவார்கள். வருடா வருடம் எழுத்தில் புதுப்பியுங்கள். அம்மாவின் பங்கைத் தம்பியின் நன்மைக்காகப் பொறுப்பாளர்கள் பார்க்கிற நம்பிக்கைப் பொறுப்பு உறுதியாக எழுதி, உங்களையும் குடும்பத்துக்கு வெளியே ஒருவரையும் பொறுப்பாளராக வைக்கலாம். அதற்குத் தரகர் காட்டாத நொத்தாரிசு ஒருவரைப் பிடியுங்கள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும்.

எந்த வழியானாலும் அம்மா இருக்கும்போதே பழக்குங்கள் பிள்ளை. அம்மாவை விட்டு ஒரு இரவும் தங்காதவனைச் செத்தவீட்டுக்கு மறுநாள் புது இடத்தில் விட்டால் எந்த இல்லத்தாலும் சமாளிக்க முடியாது. சனி, ஞாயிறு ஒரு இரவு, அப்புறம் ஒரு கிழமை என்று கூட்டுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை: தம்பிக்கு அடையாள அட்டை இருக்கிறதா? வீட்டிலேயே இருப்பவன்தானே என்று எடுக்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. அது இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பது கஷ்டம், மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கும் அதைத்தான் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துப் பதிவாளரிடம் போங்கள். போட்டோப் பிரதி இரண்டு கூடுதலாகக் கொண்டுபோங்கள், கட்டாயம் கேட்பார்கள்.