33 தோட்டா மேகசினில் 24க்கு மேல் ஏறவில்லை. ஸ்பிரிங்கை வெட்டலாமா?

டெக்சாஸில் வேலை பார்க்கும், பினாங்கு பட்டர்வொர்த் ஊர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 9 எம்எம் கார்பைனுக்காக (குட்டை ரைபிள்) கிளாக் வகை 33 தோட்டா மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் கூடு, இரண்டு வாங்கினாராம். ஒன்றில் 30 வரை ஏறுகிறது, ஆனால் கட்டைவிரல் வீங்கிவிடுகிறது. இன்னொன்று 24லேயே நின்றுவிடுகிறது. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிடு என்று நண்பர் சொன்னாராம்.

வெட்டாதீர்கள் தம்பி. வெட்டினால் ஏற்றுவது சுலபமாகும், உண்மைதான். ஆனால் மேகசினில் கடைசி நாலைந்து தோட்டா மிஞ்சும்போதுதான் ஸ்பிரிங் அதிகம் விரிந்து, பலம் குறைந்து நிற்கும். வெட்டிய ஸ்பிரிங்கால் அவற்றை நேரத்துக்கு மேலே தள்ள முடியாது. சுடும்போது சிக்கும்.

நான் கோலாலம்பூரில் சீருடைப் பணியில் இருந்தவன். அதில் 9 வருடம் ஆயுதக் கிடங்கில். எம்பி5 சப்மெஷின் துப்பாக்கியின் மேகசின்களைக் கழற்றித் துடைத்து மாட்டுவது தினப்படி வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் இரண்டு மேகசினின் தொல்லையும் வேறு வேறு.

முதலாவதுக்கு வியாதியே இல்லை. கிளாக் வகையில் தோட்டாக்கள் உள்ளே இரண்டு வரிசையாகக் கிடந்தாலும், மேலே கழுத்து குறுகி ஒற்றை வரிசையாகிவிடும். ஒவ்வொரு புதுத் தோட்டாவும் கீழே இருப்பதை அமுக்கி, பின்பக்கமாக உதட்டுக்கு, அதாவது வாயில் உள்நோக்கி மடிந்த விளிம்புக்கு, அடியில் வழுக்கிப் போக வேண்டும். எம்பி5, உசி (Uzi) துப்பாக்கிகளின் மேகசினில் வாய் அகலம். இடம் வலமாக நேரே அமுக்கினால் போதும். அதனால்தான் அவை 30 தோட்டாவுக்கும் விரலை அவ்வளவு படுத்துவதில்லை. இது புதுத் தொல்லையும் இல்லை. என் தாத்தா மலாயா அவசரகாலத்தில் (1948-60) சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். அவர் தூக்கிய ஸ்டென் துப்பாக்கியும் ஒற்றை வாய்தான். மேகசின் 32 கொள்ளும், ஆனால் ஏற்றுவதற்கென்றே ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். தாத்தா 28க்கு மேல் போட்டதே இல்லையாம். நீங்களும் அப்படி ஏற்றும் கருவி (லோடர்) ஒன்று வாங்கிவிடுங்கள். மேக்லூலா கம்பெனியின் அப்லூலா நல்லது. புது ஸ்பிரிங் என்பதால், ஏற்றக்கூடிய அளவு ஏற்றிப் பத்திரமாகப் பூட்டி இரண்டு மூன்று நாள் வைத்தால் கொஞ்சம் இளகும். முழுக்க நிரப்பிய மேகசின், துப்பாக்கியின் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) மூடியிருக்கும்போது சரியாக மாட்டாமல் நிற்பதும் உண்டு. ஒன்றிரண்டு குறைத்தே போடுங்கள்.

இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. 24வது தோட்டாவில் கை என்ன உணர்கிறது? படிப்படியாக இறுகி இறுகி நிற்கிறதா, அல்லது சுவரில் முட்டியதுபோல் பட்டென்று நிற்கிறதா? இறுகினால் ஸ்பிரிங் புதுசு, அல்லது உள்ளே அழுக்கு. பட்டென்று நின்றால் எதுவோ தடுக்கிறது. எங்கள் கிடங்கில் ஒரு மேகசின் எப்போதும் 19லேயே நிற்கும். ஆளாளுக்கு மேசையில் தட்டிப் பார்த்தார்கள். திறந்தால், ஸ்பிரிங்கின் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறி மடங்கிக் கிடந்தது. துடைத்தவர் அவசரத்தில் திருப்பி மாட்டியிருக்கிறார்.

அதனால் திறந்து பாருங்கள். முதலில் நீங்கள் வேலை செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அடித்தட்டை நகர்த்தும்போது கட்டைவிரலால் மூடிப் பிடியுங்கள், ஸ்பிரிங் முகத்துக்குத்தான் பாயும். நன்றாக ஏறும் மேகசினையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் நீளமும் திசையும் ஒன்றா? ஃபாலோவர், அதாவது தோட்டாவைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு, வெறும் கூட்டில் தடங்கலின்றி ஓடுகிறதா? அடியில் கட்டை ஏதும் வைத்திருக்கிறார்களா? கலிபோர்னியா போன்ற 10 தோட்டா வரம்புள்ள மாநிலங்களுக்காக அப்படி அடைத்து விற்பது உண்டு. 17 தோட்டா மேகசினின் அடியில் நீட்டிப்பு மாட்டி 33 என்று விற்றிருந்தால், பொருந்தாத ஸ்பிரிங் முழுதும் சுருங்கிக் கெட்டியாகி, அதற்கு மேல் அமுங்காது. உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள், எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், ஐந்தாறு தோட்டாவுக்கு ஒருமுறை மேகசினின் முதுகை உள்ளங்கையில் தட்டுங்கள். 9 எம்எம் தோட்டா அடியில் 9.93 மில்லிமீட்டர், வாயில் 9.65. அந்தச் சின்னச் சரிவினால்தான் எம்பி5 மேகசினையே வளைத்துச் செய்தார்கள். நேரான மேகசினில் அடுக்கு மெல்ல மூக்குப் பக்கம் சாயும்; தட்டினால் நேராகும். வீட்டில் செய்த தோட்டா என்றால் நீளத்தையும் அளந்து பாருங்கள்: 29.69 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மேகசினின் முன்சுவரில் உரசக்கூடும். உதட்டை மட்டும் குறடு வைத்து வளைக்கவே வளைக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் 24லேயே நின்றால், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சுடும் பயிற்சி ரேஞ்சுக்குத் தூக்கிப்போகும் பையை அந்தப் பயணத்துக்குக் கொண்டுவராதீர்கள். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். மூலையில் மறந்து கிடந்தது என்று ஏர்போர்ட்டில் சொல்லும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.