சும்மா போர்ட் பண்ணித் தர்றோம்னாலும் ஏன் வாங்க மாட்டேங்குறாங்க?

வணக்கம் சார்,
நாங்க நாலு பேர் தினமும் வேலைக்கு யூஸ் பண்ற ஒரு டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். சோர்ஸ் கோடு (புரோகிராமர்கள் எழுதின மூல நிரல்) குடுங்க, காசு வாங்காம லினக்ஸுக்கு போர்ட் பண்ணித் தர்றோம், அதாவது லினக்ஸ்லயும் ஓடுற மாதிரி மாத்தித் தர்றோம், ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்தும் போடுறோம்னு அந்த கம்பெனிக்கு எழுதினோம். "இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை"ன்னு ஒத்த வரில பதில் வந்துது. சும்மா தர்றத வாங்கிக்க என்ன சார் கஷ்டம்? பெட்டிஷன் போடலாமா?
— ஒரு வாசகர்

வணக்கங்க,

உங்க ஆதங்கம் புரியுது. ஆனா அவங்களுக்கு அது சும்மா வர்ற விஷயம் இல்லங்க. இன்னைக்கு நீங்க போர்ட் பண்ணிக் குடுத்துடுவீங்க, அடுத்த வெர்ஷன் வரும்போது அதையும் யாராவது மாத்தணும், டெஸ்ட் பண்ணணும், கஸ்டமர் ஃபைல் திறக்கலன்னு கூப்பிட்டா போன எடுக்கப்போறது அவங்கதான். இன்னொண்ணு, அந்த கோடு முழுக்க அவங்களுக்கே சொந்தமா இருக்காது. ஐடி சாஃப்ட்வேர்ங்கிற (id Software) கேம் கம்பெனி 1997 டிசம்பர்ல டூம் கேமோட சோர்ஸ வெளிய விட்டப்போ டாஸ்ங்கிற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான வெர்ஷன குடுக்கல, லினக்ஸ் வெர்ஷனத்தான் குடுத்தாங்க, ஏன்னா டாஸ்ல சவுண்டுக்கு வேறொருத்தர் எழுதின கோடு தொகுப்ப (லைப்ரரி) லைசென்ஸ் எடுத்துப் போட்டிருந்தாங்க. குடுக்கணும்னு நெனைச்சவங்களுக்கே இந்த நிலைமை.

பெட்டிஷன் போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா உங்க நாலு பேரோட உழைப்ப அதுல கரைக்காதீங்க, வைன்ல (Wine) போடுங்கன்னுதான் சொல்வேன். விண்டோஸ் சாஃப்ட்வேர அப்படியே லினக்ஸ்ல ஓட வைக்கிற ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் அது. 1993ல ஆரம்பிச்சு 1.0 வர்றதுக்கு 2008 ஆயிடுச்சு, பதினஞ்சு வருஷம், எந்த அப்ளிகேஷன் கம்பெனி கதவையும் தட்டிக்கிட்டு நிக்காம விண்டோஸ் ஏபிஐய, அதாவது அப்ளிகேஷன்கள் விண்டோஸ்கிட்ட வேலை வாங்கக் கூப்பிடுற ஃபங்ஷன்கள, ஒண்ணொண்ணா திருப்பி எழுதினாங்க. 2018ல வால்வ்ங்கிற கேம் கம்பெனி, விண்டோஸ் கேம்கள லினக்ஸ்ல ஓட வைக்கிற புரோட்டான கொண்டு வந்தப்போ அடித்தளமா இருந்தது இந்த உழைப்புதான்.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கம்னு ஒரு உதாரணம் பாருங்க. இல்லாத ஃபைல திறக்கச் சொன்னா விண்டோஸ் எரர் நம்பர் 2 குடுக்கும், அந்த ஃபோல்டரே இல்லன்னா 3 குடுக்கும். லினக்ஸ் ரெண்டுக்கும் ஒரே எரரத்தான் குடுக்கும். ஒரு அப்ளிகேஷன் 3 வந்தா மட்டும் ஃபோல்டர உருவாக்கிக்கிற மாதிரி எழுதியிருந்தா, இத பிரிச்சுச் சொல்லலன்னா அங்கயே படுத்துடும். அதனால வைன்ல குட்டிக் குட்டி டெஸ்ட் புரோகிராம் எழுதி, நிஜ விண்டோஸ்ல ஓட்டி, அது என்ன பதில் சொல்லுதோ அதையே இங்கயும் சொல்ல வைக்கிறாங்க. நீங்க நாலு பேரும் செய்யக்கூடிய வேலைதான் இது, இதுக்கு அந்த டிசைன் சாஃப்ட்வேரோட சோர்ஸும் வேணாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விண்டோஸோட டிஎல்எல் ஃபைல்கள (விண்டோஸோட சொந்த கோடு இருக்குற ஃபைல்கள்) டிஸ்அசெம்பிள் பண்ணி, அதாவது பிரிச்சு உள்ள இருக்குற கோட பாக்கக் கூடாது, கசிஞ்ச விண்டோஸ் சோர்ஸ் பக்கமே போகாதீங்க, அதப் பாத்தவங்க கோட வைன் ஏத்துக்காது. 2006ல, விண்டோஸ் மாதிரியே ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுற ரியாக்ட்ஓஎஸ் புராஜெக்ட் மேல இப்படி ஒரு சந்தேகம் கெளம்பி, மொத்த கோடையும் தணிக்கை பண்ண வேண்டி வந்துது.

கம்பெனிக்கு மறுபடி எழுதினா சின்னதா கேளுங்க. லைசென்ஸ் செக்குக்கு யூஎஸ்பி டாங்கிள் (சொருகினாத்தான் சாஃப்ட்வேர் ஓடும்ங்கிற சாவி) இருந்தா அதோட டிரைவர் கெர்னல்ல, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையத்துல, உக்காந்திருக்கும், வைன்ல பெரும்பாலும் அங்கதான் மாட்டும், அதுக்கு பதிலா ஆன்லைன் ஆக்டிவேஷன் குடுங்கன்னு கேளுங்க. இதுக்கு சரின்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. அதுக்குள்ள வைன்ல ஒரு தடவ ஓட்டி எந்த இடத்துல விழுதுன்னு லாக் (ஓடும்போது நடந்தத எழுதி வைக்கிற பதிவு) எடுத்து அனுப்புங்க, நானும் கூட உக்காந்து பாக்குறேன்.